பாராடாங் குகை: பாறையை உடைப்பது எது, எடுத்துச் செல்வது எது?

அந்தமானின் ஒரு சுண்ணாம்புக்கல் குகையை வைத்து, பாறைச் சிதைவும் அரிப்பும் எப்படி நடக்கின்றன, அதில் நம் பங்கு என்ன என்று ஒரு விளக்கம்.

அந்தமான் போய் வந்த நண்பர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், கடற்கரைப் படங்களுக்கு நடுவே ஒரு குகைப் படமும் கட்டாயம் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் மின்னும் ஈரச் சுவர், கூரையிலிருந்து தொங்கும் வெள்ளைக் கல் விழுதுகள். பெரும்பாலும் அது பாராடாங் குகைதான்.

அந்தக் குகையைக் குடைந்தது மழைத் தண்ணீர். உள்ளே தொங்கும் விழுதுகளைச் செய்ததும் அதே தண்ணீர்தான். ஒரே சொட்டு ஓரிடத்தில் கல்லைக் கரைத்து, இன்னோர் இடத்தில் கல்லாக வைத்துவிட்டுப் போகிறது. இந்த வேலை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் அதை நிறுத்த ஒரு சுற்றுலாப் பயணியின் கைவிரல் பட்டாலே போதும்.

எப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாராடாங் எங்கே இருக்கிறது?

தெற்கு அந்தமானுக்கும் மத்திய அந்தமானுக்கும் நடுவில் இருக்கும் தீவு பாராடாங். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அந்தமான் டிரங்க் ரோடு வழியாக வடக்கே சுமார் 100 கி.மீ. மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற இடத்தில் சாலை முடிந்து, வாகனங்களோடு படகில் ஏறிக் கடலைக் கடக்க வேண்டும். அங்கிருந்து சிறிய படகில் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே போகும் ஓடை வழியாக நயாடேரா. பிறகு சுமார் ஒன்றரை கி.மீ. நடை. அதன் முடிவில் குகை.

இந்த ஒரு பயணத்திலேயே புவியியல் பாடம் மொத்தமும் கண்ணில் பட்டுவிடும். கரையும் பாறை, ஓடையில் மிதந்து வரும் வண்டல், அதைப் பிடித்து வைக்கும் வேர்கள், பூமிக்கு அடியிலிருந்து பொங்கி வரும் சேறு எல்லாமே ஒரே தீவில் இருக்கின்றன.

சிதைவும் அரிப்பும் ஒன்றா?

இல்லை. பேச்சு வழக்கில் இரண்டையுமே 'அரிப்பு' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை இரண்டு வேறு வேலைகள்.

- சிதைவு: பாறை இருந்த இடத்திலேயே உடைவது, உதிர்வது, கரைவது.
- அரிப்பு: தண்ணீர், காற்று, அலை, பனிப்பாறை ஆகியவை பாறையைத் தேய்ப்பதும், உடைந்த துகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போவதும்.
- படிதல்: எடுத்துப் போனதை வேறோர் இடத்தில் இறக்கி வைப்பது.

வீடு இடிக்கும் வேலையோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். கடப்பாரையால் சுவரை உடைப்பவர் சிதைவு. இடிபாட்டை அள்ளிக்கொண்டு போகும் லாரி அரிப்பு. லாரி வராவிட்டால் இடிபாடு குவிந்து, கடப்பாரைக்காரருக்கே வேலை செய்ய இடம் இருக்காது. பாறையிலும் அப்படித்தான். உதிர்ந்த மண் அகற்றப்பட்டால்தான் அடியில் இருக்கும் புதுப் பாறை மழைக்கும் வெயிலுக்கும் நேராக வரும்.

பாறை எந்தெந்த வழிகளில் உடைகிறது?

மூன்று வழிகள். மூன்றுக்குமே நமக்குத் தெரிந்த உதாரணங்கள் இருக்கின்றன.

1. பௌதிகச் சிதைவு: பாறையின் வேதிப்பொருள் மாறாது, துண்டுதான் சிறிதாகும். லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் விரிசலுக்குள் புகுந்த தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அந்த அழுத்தத்தில் பாறை பிளக்கும். மாமல்லபுரத்தில் அதே வேலையை உப்பு செய்கிறது. கடல் காற்றில் வரும் உப்பு, கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து படிகமாக வளர்ந்து உள்ளேயிருந்து நெம்புகிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடற்கரைக் கோயிலில் பல சிற்பங்களின் முகம் மழுங்கிப் போனதற்கு உப்புக் காற்றும் அது கொண்டுவரும் மணலும் முக்கியக் காரணம்.

2. வேதியியல் சிதைவு: இதில் பாறையின் பொருளே மாறிவிடும். கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், லேசான அமிலத் தன்மையுள்ள மழைநீர் பட்டுப் பட்டுக் களிமண்ணாகிறது. குயவர் சக்கரத்தில் சுற்றும் களிமண்ணின் மூதாதை இப்படி ஏதோ ஒரு பாறைதான். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் அவ்வளவு சுலபத்தில் மாறாது. அது மணலாக மிஞ்சும். மெரினாவில் காலில் ஒட்டும் மணலில் பெரும்பங்கு இந்த வகைதான். மாமல்லபுரத்தில் 'கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை' என்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் சுமார் 250 டன் பாறை உருண்டையானதும் சிதைவால்தான். சதுரமான பாறையின் மூலைகளில் பல பக்கங்களிலிருந்தும் சிதைவு தாக்கும். அதனால் மூலைதான் முதலில் போகும், உருண்டை மிஞ்சும்.

3. உயிரினச் சிதைவு: பழைய கோபுரத்தின் இடுக்கில் அரசமரம் முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர் பருக்கப் பருக்க கல் விலகும். வேர்களும் பாசிகளும் அமிலங்களைச் சுரந்து கல்லை மெல்லவும் கரைக்கும்.

பெரும்பாலான இடங்களில் மூன்றும் ஒன்றாகவே நடக்கும். பாராடாங் குகையில் முதல் இடம் வேதியியல் சிதைவுக்கு.

குகை எப்படி உருவாகிறது?

சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள், சிப்பிகள், பவளங்களின் ஓடுகள் அடியில் சேர்ந்து இறுகிக் கல்லானது அது. அந்தமானின் சுண்ணாம்புக்கல்லும் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததுதான். புவித்தட்டுகள் மோதிக்கொண்டதில் மேலே வந்தது.

அதற்குப் பிறகு நடப்பதை வரிசையாகச் சொன்னால்:

- மழைத்துளி விழும்போது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. அதனால் தூய மழைநீரே லேசான அமிலம்தான். அதன் பி.ஹெச். அளவு சுமார் 5.6.
- காட்டு மண்ணுக்குள் இறங்கும்போது அமிலம் கூடுகிறது. வேர்களின் சுவாசமும் மக்கும் இலைகளும் மண்ணுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி வைக்கின்றன. வெளிக்காற்றில் 0.04 சதவீதம்தான் இருக்கும் இந்த வாயு, மண்ணுக்குள் பத்து முதல் நூறு மடங்கு வரை இருக்கலாம்.
- இந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் விரிசலில் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. கரைந்தது கால்சியம் பைகார்பனேட்டாகத் தண்ணீரோடு போகிறது.
- விரிசல் அகலமாக, இன்னும் அதிகத் தண்ணீர் வருகிறது. அதிகத் தண்ணீர் வர, இன்னும் அகலமாகிறது. காலப்போக்கில் ஆள் நுழையும் அளவுக்குப் பாதையாகிறது. அதுதான் குகை.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். குகைக்கு மேலே இருக்கும் காடும் இந்த இயந்திரத்தின் ஒரு பகுதி. காட்டை அழித்தால் மண்ணின் வாயு அளவும், உள்ளே இறங்கும் தண்ணீரின் அளவும் மாறும். குகைக்குள் நடப்பதும் மாறும்.

அப்போ விழுது எப்படி வருகிறது?

கல்லைக் கரைத்துக்கொண்டு வந்த சொட்டு, குகையின் கூரையில் எட்டிப் பார்க்கிறது. குகைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு மண்ணைவிடக் குறைவு. அதனால் சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு வெளியேறுவது மாதிரி, சொட்டிலிருந்தும் வாயு வெளியேறுகிறது. வாயு போனதும் தண்ணீரால் அவ்வளவு சுண்ணாம்பையும் கரைசலாக வைத்திருக்க முடியாது. மிகச் சிறிய அளவு கால்சைட் அங்கேயே படிகிறது.

கூரையில் படிந்து கீழ்நோக்கி நீள்வது கல்விழுது. சொட்டு தரையில் விழுந்து அங்கே படிந்து மேல்நோக்கி வளர்வது கல்முளை. இரண்டும் சேர்ந்தால் தூண்.

இதற்காக அந்தமான் வரை போக வேண்டாம். போர் தண்ணீர் வரும் வீட்டில் குளியலறைக் குழாய் முனையிலும், கீசர் காயிலிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும் இல்லையா? 'உப்புப் பிடிச்சிருக்கு' என்போம். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். கீசரில் சூடு வாயுவை வெளியேற்றுகிறது, குகையில் காற்று வெளியேற்றுகிறது. அடிப்படை வேதியியல் ஒன்றுதான்.

எவ்வளவு வேகமாக நடக்கும்?

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். இது குகையில் அளந்த எண் அல்ல, அளவின் வீச்சைப் புரிந்துகொள்ள மட்டும்.

- அந்தமானில் ஆண்டு மழை சுமார் 3,000 மி.மீ. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 3,000 லிட்டர்.
- அதில் பாதி, 1,500 லிட்டர், பாறைக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம்.
- ஒரு லிட்டர் தண்ணீர் 100 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 150 கிராம் போகும்.
- ஒரு கன செ.மீ. சுண்ணாம்புக்கல்லின் எடை சுமார் 2.7 கிராம். ஆக 150 கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் வெறும் 0.055 மி.மீ. தடிமன்.

இந்த வேகத்தில் ஒரு மீட்டர் பாறை கரைய சுமார் 18,000 ஆண்டுகள் ஆகும். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிக்கப்பட்ட 1010ஆம் ஆண்டிலிருந்து இன்று வரை கரைந்திருப்பது சுமார் 5.6 செ.மீ. ஒரு விரல் நீளம்கூட இல்லை. உண்மையில் கரைவது பரப்பு முழுக்கச் சமமாக நடக்காது, விரிசல்களில் குவியும். அதனால்தான் மலை முழுவதும் தேய்வதற்கு முன்பே உள்ளே குகை வந்துவிடுகிறது.

விழுது வளர்வதும் இதே மாதிரி நிதானம்தான். இடத்துக்கு இடம் நிறைய மாறினாலும், ஆண்டுக்கு 0.1 மி.மீ. என்பது உலகக் குகைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அப்படியானால் உங்கள் விரல் நீள விழுதுக்கு 700, 800 வயது.

கரைந்தது எங்கே போகிறது?

இனி அரிப்பின் பாடம். சுண்ணாம்பு கரைசலாகவும், களிமண்ணும் மணலும் துகளாகவும் ஓடைகள் வழியாகக் கடலை நோக்கிப் போகின்றன. பாராடாங்கில் அவற்றை வழிமறிப்பது அலையாத்திக் காடு.

குகைக்குப் போகும் படகிலிருந்து பார்த்தால் மரங்கள் கால் ஊன்றி நிற்பது போல வளைந்த வேர்கள் தெரியும். அந்த வேர்க்கூட்டத்துக்குள் நுழைந்ததும் தண்ணீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் தூக்கி வந்த வண்டலை அதனால் சுமக்க முடியாது, இறக்கிவிடும். வெளியிலிருந்து வரும் அலையின் அடியையும் அதே வேர்கள்தான் முதலில் வாங்கிக்கொள்கின்றன. ஒரே காடு ஒரு பக்கம் அரிப்பைத் தடுக்கிறது, மறுபக்கம் நிலத்தைக் கட்டுகிறது.

இந்திய வன அளவைத் துறையின் 2021 அறிக்கைப்படி அந்தமான் நிகோபாரில் 616 சதுர கி.மீ. அலையாத்திக் காடு இருக்கிறது. பிச்சாவரம், முத்துப்பேட்டை எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டில் இருப்பது 45 சதுர கி.மீ. சதுப்பு ஓடைகளில் வேகமாகப் போகும் படகுகள் எழுப்பும் அலை கரையை அரிக்கக்கூடியது. மெதுவாகப் போகச் சொல்வதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணம் இல்லை.

இப்படியே போனால் தீவு காணாமல் போகாதா?

அரிப்பு மட்டும் இருந்தால் போயிருக்கும். ஆனால் கீழேயிருந்து நிலம் உயர்ந்துகொண்டும் இருக்கிறது. அந்தமான் தீவுத் தொடரே, இந்தியப் புவித்தட்டு கிழக்கே பர்மா தட்டுக்கு அடியில் நுழையும்போது கடலடி வண்டலும் பாறையும் வழித்து ஒதுக்கப்பட்டு எழுந்த மேடு.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் இதைக் கண் முன்னால் காட்டியது. வடக்கே டிக்லிபூர்ப் பக்கம் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்தன. தெற்கே போர்ட் பிளேர்ப் பக்கம் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்து வயல்களுக்குள் கடல் புகுந்தது. சிதைவு பல ஆயிரம் ஆண்டுகளில் செய்வதைத் தட்டு சில நிமிடங்களில் மாற்றி எழுதிவிட்டது.

பாராடாங்கின் சேற்று எரிமலையும் இதே கதையின் ஒரு பக்கம். பெயரில் எரிமலை இருந்தாலும் லாவா கிடையாது. ஆழத்தில் நசுங்கும் களிமண் வண்டலிலிருந்து தண்ணீரும், மீத்தேன் மிகுந்த வாயுவும் அழுத்தத்தோடு மேலே வரும்போது சேற்றையும் பாறைத் துண்டுகளையும் தள்ளிக்கொண்டு வருகின்றன. 2004 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய நாட்களில் அது பொங்கியது. 2025 அக்டோபர் 2 அன்று மறுபடியும் பெரிதாகப் பொங்கி, 3 முதல் 4 மீட்டர் உயர மேடு எழுந்ததாகச் செய்திகள் வந்தன. 'இந்தியாவின் ஒரே சேற்று எரிமலை' என்று பல செய்திகளில் படித்திருப்பீர்கள். அது சரியில்லை. வடக்கு அந்தமானில் டிக்லிபூர்ப் பகுதியிலும் சேற்று எரிமலைகள் இருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால், அந்தச் சேறும் என்றோ எங்கோ ஒரு மலையில் சிதைந்து, ஆறுகளில் அரித்துக்கொண்டு வரப்பட்டு, கடலடியில் படிந்ததுதான். அது மேலே வந்ததும் முதல் மழையிலேயே அரிப்பு மறுபடி ஆரம்பிக்கும். மேட்டின் சரிவில் சின்னச் சின்ன ஓடைகள் விழுவதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

கல்முளையில் என்ன எழுதியிருக்கிறது?

கல்முளை படலம் படலமாக வளர்வதால், அது ஒரு பதிவேடு. ஒவ்வொரு படலத்திலும் அது உருவான காலத்து மழைநீரின் ஆக்சிஜன் இருக்கும். ஆக்சிஜனில் எடை கூடியது, குறைந்தது என்று வகைகள் உண்டு. இந்த வெப்பமண்டலத் தீவுகளில் மழை பலமாகப் பெய்யும் காலத்தில் மழைநீரில் எடை கூடிய ஆக்சிஜனின் பங்கு குறையும். அந்த விகிதத்தை அளந்தால் பழைய பருவமழையின் ஏற்ற இறக்கம் தெரியும். படலத்தின் வயதை யுரேனியம், தோரியம் அளவுகளை வைத்துக் கணிக்கலாம்.

அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் ஆர். ரமேஷ், எம்.ஜி. யாதவா உள்ளிட்ட விஞ்ஞானிகள் பாராடாங் குகையின் கல்முளையை வைத்து இதைச் செய்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வு, இந்தியக் கோடைப் பருவமழையின் சுமார் 4,000 ஆண்டு வரலாற்றைத் தருகிறது. வானிலை நிலையங்களின் மழை அளவுப் பதிவுகள் நம்மிடம் 150 ஆண்டு சொச்சத்துக்குத்தான் ஓரளவு முழுமையாக இருக்கின்றன. அதற்கு முந்தைய கணக்கு இப்படிப்பட்ட கற்களில்தான் இருக்கிறது.

இந்த மாதிரிக் கல்லுக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? மேகாலயாவின் மாம்லு குகைக் கல்முளையில் பதிவான பெரும் வறட்சியை அடையாளமாக வைத்துத்தான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்று வரை தொடரும் புவியியல் காலத்துக்கு 2018இல் 'மேகாலயக் காலம்' என்று சர்வதேச அளவில் பெயர் வைத்தார்கள்.

தொட்டால் என்ன ஆகிவிடும்?

- தோலின் எண்ணெய்: விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை விழுதின் மேல் படிந்தால், அந்த இடத்தில் தண்ணீர் பரவும் விதம் மாறும். கால்சைட் ஒட்டாமல் போகலாம். தொட்டுத் தொட்டு அந்த இடம் கறுக்கும், வளர்ச்சி நிற்கும்.
- மூச்சு: நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, கூடவே சூடும் ஈரமும். மூடிய குகையில் கூட்டம் கூடினால், படிய வேண்டிய இடத்தில் கரைதல் தொடங்கலாம்.
- வெளிச்சம்: நிரந்தர விளக்குப் போட்டால் பாசி வளரும்.

பிரான்ஸில் லாஸ்கோ குகைக்கு நடந்தது இதுதான். பல ஆயிரம் ஆண்டு தாங்கிய அதன் ஓவியங்கள், 1948இல் பொதுமக்களுக்குத் திறந்த சில ஆண்டுகளிலேயே மங்கத் தொடங்கின. ஒரு நாளைக்கு 1,200 பேர் வரை வந்தார்கள். மூச்சாலும் விளக்காலும் சுவரில் பாசியும் படிவும் கூட, 1963இல் மூடிவிட்டார்கள். இன்று பயணிகள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகலை.

இதெல்லாம் நமக்கு ஏன் முக்கியம்?

நாம் சாப்பிடும் சோறு விளையும் மண்ணே சிதைவின் பரிசு. சில செ.மீ. மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும், அதை ஒரு மழையில் இழக்கவும் முடியும். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் சரிந்தது, சிதைவு பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறை மேல் சேர்த்து வைத்திருந்த தடித்த மண்தான். இரண்டு நாள் கொட்டிய மழையில் அது தண்ணீரைக் குடித்துக் கனத்து இறங்கியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிதைவு எப்போதும் நிதானமானது. அரிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

போவதாக இருந்தால்

குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் வழியாகப் போகிறது. அந்தப் பகுதியில் சாலையை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் போக்குவரத்து தொடர்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகனங்கள் வரிசையாக, பாதுகாப்போடு மட்டுமே விடப்படும். வழியில் நிறுத்துவதும், ஜாரவா மக்களைப் படம் எடுப்பதும், அவர்களுக்கு எதையாவது கொடுப்பதும் சட்டப்படி குற்றம். அந்தச் சாலையில் போகலாமா என்ற கேள்வியையே டிக்கெட் போடும் முன் ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

குகைக்குள் போனால் சுவரையும் விழுதையும் தொடாதீர்கள். உடைந்து கிடக்கும் துண்டானாலும் எடுத்து வராதீர்கள். கூட்டமாக இருந்தால் வெளியே கொஞ்சம் காத்திருங்கள். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றால் சொட்டு விழும் சத்தம் கேட்கும். 0.1 மில்லிமீட்டருக்கான இந்த வருட வேலை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.